மறுகரை வரை எட்டும் கேமரா

சர்க்கரை வந்த பிறகு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நடப்பதைப் போல அலுப்பான காரியம் வேறு கிடையாது. எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், திரும்பி வரத்தான் போகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் ஒரு கேமரா இருந்தால் வீட்டு முன்னால் இருக்கும் குளத்தைச் சுற்றிப் பறவை பார்த்துக்கொண்டே நடந்துவிடுவேன் என்று வீட்டில் ஒரு பிட்டைப் போட்டேன்.

"கொக்கைப் படம் எடுத்து யாருக்குக் காட்டப் போறிய?" என்றாள் மனைவி. ஆனாலும் சர்க்கரைக்காக என்றதும் இறங்கி வந்தாள். எனக்குச் சீனி இல்லாத சாயா போட ஆரம்பித்த அன்றே தன் சாயாவிலும் சீனியை நிறுத்தியவள் அவள். அதற்கு முன்பு சாயா என்ற பெயரில் பாயசம் குடித்தவள். "உங்க முன்னால நான் மட்டும் இனிப்பாக் குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

இருப்பதிலேயே விலை மலிந்த சூப்பர்ஜூம் கேமரா ஒன்று தக்கலையிலிருந்து பார்சலில் வந்தது. லென்ஸைக் கழற்ற முடியாது. அதனால் இன்னொரு லென்ஸ் வாங்கும் ஆசையும் வராது, அது நல்லது. தூரத்தில் பார்த்தால் பத்திரிகைக்காரன் கேமரா போல இருக்கும். குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை மறித்து, மடை உடைந்து கிடப்பதையும் எடுத்துப் போடச் சொன்னார். கையில் வாங்கினால் வெறும் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். மேகம் மூடினால் படமெல்லாம் ரவையைத் தூவியது போலாகிவிடும். கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தியை முழு ஜூமில் பிடித்தால், கேமரா முன்னும் பின்னும் முனகி ஃபோகஸைத் தேடும். அது கிடைப்பதற்குள் மீன்கொத்தி அடுத்த குளத்துக்குப் போயிருக்கும். என்னிடம் கம்பிப் படங்கள் நிறைய இருக்கின்றன. மிகத் தெளிவான கம்பிகள்.

ஆனால் அந்த ஜூமைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். எங்கள் மாடியில் நின்று மறுகரைத் தென்னையில் காய் விளைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தினமும் மனைவியைக் கூப்பிட்டு, இந்த விசையை இப்படித் தள்ளு, மூச்சைப் பிடித்துக்கொள் என்று பாடம் நடத்தினேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த கெடு முடியப்போகிறதே, அவள் சம்மதிக்க வேண்டுமே.

இதற்கிடையில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சமும் குறையவில்லை. பாவம், அவள் தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டாள். எனக்குப் போடும் சோற்றில் இன்னும் ஒரு கரண்டியைக் குறைத்தாள்.

காரணம் மறுகரையில் இருந்தது. அங்கே ஒரு சாயாக்கடை. நேந்திரன் என்கிற ஏத்தன்பழத்தைப் பழுத்ததாகப் பார்த்து நீளவாக்கில் கீறி, மாவில் முக்கிப் பொரித்துப் பழம்பொரி போடுவார்கள். என் நடை தினமும் அந்தக் கடையோடு நின்றுவிடும். ருசிக்காக மட்டும் அந்தக் கடைக்குப் போகவில்லை. எங்கள் மாடியிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

கெடு முடிகிற நாளன்று காலையில் மனைவி, "கேமராவ இஞ்ச வச்சிட்டுப் போங்க. நானும் ஒருக்கா பாத்துட்டு, வேணுமா வேண்டாமான்னு சொல்லுதேன்" என்றாள். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனேன். மண்டையில் மூளை என்று ஒன்று இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா?

"சாரே, கேமரா எங்க?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல. ஒண்ணு எடும்."

"ரெண்டா எடுக்கேன், நல்ல சூடு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "நடந்தியளா?" என்று கேட்டாள். நடந்தேன் என்றேன். கேமராவின் திரையை என் பக்கம் திருப்பினாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, கைக்கு ஒரு பழம்பொரியோடு நான் நிற்கிறேன். மீன்கொத்தி போல ஓடாமல் ஒரே இடத்தில் நின்றதால் ஃபோகஸ் அருமையாக விழுந்திருந்தது. நல்ல வெயில் வேறு. மீசையில் ஒட்டிய மாவுத் துணுக்குகூடத் தெரிந்தது.

"நல்ல கேமராதான். திருப்பி அனுப்பாண்டாம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு.

சமையலறைக்குப் போய் இரண்டு கிளாஸில் சாயா ஊற்றினாள். மேல்தட்டில் ஒதுக்கி வைத்திருந்த சீனி டப்பாவை எட்டி எடுத்து, ஒரு கிளாஸில் அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"எனக்குச் சீனி போடாத" என்றேன் அவசரமாக.

"உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே குடித்தாள்.