கொப்பியில் எழுதாத மீன்

நான் என் வைத்தியருக்குப் பொய் எழுதிக் கொடுத்தவன். ஒருநாள் இருநாள் அல்ல... ஒரு மாதம் முழுவதும்! அதையும் என் மனைவியின் கையாலேயே எழுதுவித்தேன்.

கேளுங்கள். ஐந்து மாதமாக என் வயிறு என் சொல் கேட்பதில்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் பறைபோலப் பொருமும், பிறகு பிடித்து முறுக்கும், அதன்பின் ஓட்டம்தான். இரத்தம் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். என்னவென்று தெரியவில்லை. காரமும் புளியும் கூடாது என்றார் முல்லைத்தீவில் கிளினிக் பார்க்கும் இளம் வைத்தியர். ஒவ்வொரு நாளும் எதைச் சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவரவும் சொன்னார்.

நான் கடற்கரையில் நின்று கரைவலைக் கயிறு இழுப்பவன். என் கையெழுத்து எனக்கே விளங்காது. ஆகவே என் மனைவி றீற்றாதான் எழுதினாள். அதோடு விட்டாளா? என் வருத்தம் என்ன நோயென்று தெரியும்வரை மீன் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தாள். மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காதவள்!

காலையில் எனக்குச் சோறும் பருப்பும் கட்டித் தருவாள். நான் என்ன செய்தேன்? அதைக் கடற்கரை நாய்களுக்குப் போட்டேன்.

கடற்கரையில் வலைகள் வைக்கும் எங்கள் வாடியில் ஒரு வழக்கம் உண்டு. வலை கரையேறியதும் நல்ல மீனாகப் பார்த்து எடுத்து, புளியும் செத்தல் மிளகாயும் போட்டு ஒரே பானையில் அவிப்போம். இழுத்தவர்கள் எல்லோரும் சுற்றியிருந்து உண்போம். விலகி இருப்பவன் வருத்தக்காரன் என்று தெரிந்துவிடும். மறுநாள் அவனுக்குக் கயிறு பிடிக்க இடம் கிடைக்காது. இது என் நியாயம். உண்மையா? பாதி உண்மை. மீதி என் நாக்கு...

பின்னேரம் றீற்றா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொப்பியோடு என் அருகில் அமர்வாள்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?”

“நீ கட்டித்தந்த சோறுதான்.”

எழுதுவாள். பிறகு கதை எங்கெங்கோ போகும்... பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்ட வீடு. முப்பது வருடத்தில் நாங்கள் இப்படி அருகருகே இருந்து பேசியதே இல்லை. சொன்னால் நம்புவீர்களா? இந்த வலியோடும் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்! கயிறு இழுக்கும்போதே பின்னேரத்தை நினைத்துக்கொள்கிறேன். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன கிளினிக்கில் வைத்தியர் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“நல்லா எழுதியிருக்கிறீங்கள் அம்மா. ஐயா பத்தியமாத்தான் இருந்திருக்கிறார். அப்ப இது சாப்பாட்டால வாறதில்லைப் போல. வாயால கமரா விட்டுத்தான் பாக்கவேணும்.”

அதற்கு இரண்டு மாதம் தள்ளித்தான் ஒரு திகதி தந்தார்கள். அந்தக் கொப்பியை நம்பியல்லவா அவர் அப்படிச் சொன்னார்! அங்கேயே நான் வாய் திறந்திருக்கலாம். ஆனால், பாராட்டுக் கேட்டு றீற்றாவின் முகம் மலர்ந்திருந்தது... கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் அவள் புதுக் கொப்பி ஒன்று வாங்கினாள். நேர்த்தியும் நீண்டது.

நேற்றுப் பின்னேரம் ஒரு சட்டையை ஒடுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோன எனக்காகத்தான் என்று நினைத்து, இந்த வயதில் எனக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்று பகிடி விட்டேன்.

“உங்கடை இல்லை, என்ரை. எல்லாம் தொளதொளத்துப் போச்சு,” என்றாள். பிறகு ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள்.

நான் மறுபடியும் சோறும் பருப்பும் என்றே சொன்னேன்.