கம்பிக்கு நீந்தத் தெரியாது

எங்கள் வீட்டுக்கும் புளியந்தீவு டவுனுக்கும் நடுவில் வாவி மட்டும்தான் இருந்தது. அப்பா மீன்பிடிகாரர். கம்பூன்றித் தோணி தாங்குகிற மற்ற ஆட்களைப் போல அவரும் தூரத்தை வெற்றிலையால் அளப்பார். டவுன் ஒரு வாய் வெற்றிலைத் தூரம். வாயில் போட்டதைத் துப்பும்போது கரை வந்துவிடும். மாலையில் தொலைபேசி நிலையத்துக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு எங்கள் தென்னைகளுக்குள் தொங்குவது போலிருக்கும்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். ஓலைக் குடிசையிலிருந்து போனவள். அவள் அனுப்பியதில் எழும்பிய கல்வீட்டை அவள் கண்டதில்லை. “முகம் பாத்துக் கதைக்கிற லைன் எடுங்க. வீட்ட ஒருக்காப் பாக்கணும்” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். கைபேசியில் அவள் குரலே எங்கள் பக்கம் முறிந்துதான் வந்தது. நான் அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். தங்கச்சியைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

அப்பா லைனுக்கு எழுதிக் கொடுத்தார். லைன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலுக்கு எதிரே நின்ற கம்பத்தில் ஏறி, சின்னப் பெட்டியொன்றைக் கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“ரெலிபோன் தரலாம் அண்ணே. இன்ரநெற் வராது. எக்ஸ்சேஞ்ச் தூரம்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூரமா? அந்தா தெரியுது தம்பி! ஒரு வாய் வெத்திலைத் தூரம்தானே.”

“நீங்க தோணியில போவீங்க. கம்பிக்கு நீந்தத் தெரியாதே. அது பாலத்தால சுத்தி, ரோட்டால வளைஞ்சி வருது. வாற வழியிலயே இன்ரநெற் மெலிஞ்சி போயிரும்.”

“அப்ப உங்கட கம்பிக்கு எத்தின வெத்திலை?”

“ஒரு கட்டும் காணாது அண்ணே.”

அன்றிலிருந்து அந்தக் கம்பியை நான் வேறு விதமாகப் பார்த்தேன். அம்மாவின் முகம் டவுனில் கம்பிக்குள் ஏறுகிறது. பாலத்தைக் கடக்கும்போது கன்னம் ஒட்டிவிடுகிறது. வயல் வெளியில், காகங்களின் காலடியில், நூலாகிறது. எங்கள் கம்பத்துக்கு வரும்போது மிச்சம் ஒன்றுமில்லை. கம்பத்தில் காதை வைத்தால் ஓர் இரைச்சல் கேட்கும். தங்கச்சியையும் தூக்கி வைத்துக் கேட்கச் செய்வேன்.

வழி சொன்னது மாமாதான். அம்மாவின் தம்பி, டவுனில், வாவிக் கரையோடு சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே நின்று கூப்பிட்டால் தொலைபேசி நிலையத்துக்குக் கேட்கும். அவரிடம் லைன் இருந்தது.

“லைன் வீட்டுக்கு வராட்டி, வீட்ட லைனுக்குக் காட்டுவம் அத்தான்.”

அப்பா வாவியைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார். மற்ற மூன்றும் சீமெந்து நிறத்திலேயே நின்றன.

அம்மாவுக்கு லீவு கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மாமா என்னையும் தங்கச்சியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டை அடையாளம் காட்ட அப்பா அம்மாவின் சிவப்புச் சேலையோடு எங்கள் கரையிலேயே நின்றுவிட்டார். கடைக்குப் பின்னால் மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மாமா லப்டொப்பை வைத்தார். திரையில் அம்மா வந்தாள். கன்னம் ஒட்டித்தான் இருந்தது. அவள் தங்கச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அது என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அம்மா கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்தாள்.

“சரி, வீட்டக் காட்டு” என்றாள்.

மாமா லப்டொப்பை வாவிப் பக்கம் திருப்பிவிட்டுத் துவாயை உயர்த்தி ஆட்டினார். அக்கரையில் வெள்ளைச் சுவர் ஒரு பல்லளவு. அதனருகே சிவப்பாக ஒரு பொட்டு துள்ளியது. அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று சேலையை வீசிக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டில் குந்தித் திரையைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிவது மூலையிலிருந்த சின்னக் கட்டத்தில் எங்களுக்கும் தெரியும். வெயில் பட்ட தண்ணீர், வெளிச்சம், அதற்கு மேல் சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

“தெரியுதா அக்கா? வெள்ளைச் சுவர்!”

அம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

“ஓம், தெரியுது. நல்லாத் தெரியுது. வாசல்ல அவர் நிக்கிறதும் தெரியுது.”

தண்ணீரில் அல்லவா நிற்கிறார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா என் தோளை அழுத்தினார்.

திரும்பி வந்தபோது அப்பா நனைந்த சேலையோடு கரையிலேயே நின்றார்.

“கண்டாளா மனே?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம். நீங்க வாசல்ல நிக்கிறது நல்லாத் தெரியுதாம்.”

அப்பா சேலையைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு போய், வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் நின்றவரை அம்மா எப்படி வாசலில் கண்டாள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.