பிழைத்த ஜோடிகளின் கணக்கு

என் அக்காவுக்கு ஆய்வகத்தில் 'ஆனாலும் மேடம்' என்று பட்டப்பெயர். யார் எந்த முடிவைக் கொண்டுவந்தாலும் "ஆனாலும்..." என்று இழுப்பாளாம். அவள் வேலை அப்படி. இரண்டு கனமான அணுக்கருக்களை மோதவிட்டால் கண் இமைப்பதற்குள் தோன்றி மறையும் ஒரு சூடான பிழம்பு. அதற்குள் குவார்க் என்ற நுண்துகளில் கனமான ஒன்றும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாக ஒட்டியிருக்கின்றனவா, பிய்ந்துபோகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜன்னல்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து பல வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

போன வருடம் எதிர்பார்த்ததைவிட நிறைய ஜோடிகள் பதிவாயின. குழுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சூட்டிலும் உடையாமல் பிழைத்துவிட்டன என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அக்கா என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கூடுதலா வந்ததெல்லாம் மெதுவா நகர்றதுதான்டா. நிஜமாவே பிழைச்சிருந்தா வேகமானதும் கூடியிருக்கணும்ல. உள்ள எல்லாம் உடைஞ்சுபோச்சு. சூடு ஆறும்போது பக்கத்துல கிடைச்சதோட புதுசா ஜோடி சேந்துக்கிச்சு. அதைப் போய் பிழைச்சதுன்னு எண்ணுறாரு!"

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'தலைப்பு எடுப்பா இருக்க வேண்டாமாம்மா'ங்கிறாரு."

அடுத்த மாதம் கட்டுரை வெளிவந்தது. வரைபடமெல்லாம் அவள் போட்டது, பெயர் வரிசையில் மட்டும் அவள் இல்லை. கேட்டதற்கு, "முடிவுலதான் உங்களுக்கு உடன்பாடு இல்லையே" என்றாராம், பெரிய நியாயவான் மாதிரி. உழைப்பு மட்டும் வேண்டும், உழைத்தவள் வேண்டாமா? ஆனால் அவள் வேலை நீடிப்பதே அவர் கையெழுத்தில்தான். அதனால் அத்தான்கூட, "வாயைக் குடுத்து மாட்டிக்காத" என்று கெஞ்சினார்.

அந்தக் கட்டுரைக்காக நடந்த கருத்தரங்கன்று அவளை அழைத்துவரப் போனவன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தலைவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார்.

"கூடுதலா இருக்கிறதெல்லாம் மெதுவானதாவே இருக்கே, ஏன்?"

தலைவர் திரையைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பிறகு கொஞ்சம்கூடக் கூசாமல் அக்காவை நோக்கிக் கை நீட்டினார்.

"அவங்க விளக்குவாங்க."

மைக் அவளிடம் வந்தது. எழுந்தாள்.

"அதெல்லாம் பிழைச்சது இல்லைங்க. உடைஞ்சு, சூடு ஆறும்போது புதுசா சேந்தது. இதைச் சொன்னதுக்குத்தான் கட்டுரையில என் பேரை எடுத்துட்டாங்க."

மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.