அலமாரிக் கதவில் ஒட்டிய அட்டவணை

எங்கள் தெருவில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர். மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று, கோழி கிளறியது போன்ற சீட்டுகளைப் படித்து, காலை ஒன்று, மாலை ஒன்று என்று உறையில் எழுதிக் கொடுப்பவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கேலிக்கு வைத்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மரியாதைக்கு வைத்தார்கள். அதுதான் உறுத்துகிறது.

ஏழு வருடத்துக்கு முன்னால் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினேன். முடிவு வந்த வாரம் அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். "மார்க் இருக்குப்பா, இடம் கிடைக்கும். ஆனா உங்களை இப்படி விட்டுட்டு நான் எங்கயும் போகல" என்று அவரிடம் சொன்னேன். ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்றுகூடச் சமாதானம் செய்துகொள்ள முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மதிப்பெண் தாளை யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அப்பாவின் கால்தான் கவலை.

நான் தோற்றிருந்தேன். எங்கள் கல்லூரியில் எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். தேர்வுக்குப் படிக்க நேரம் வேண்டுமே என்று, உயிர்வேதியியலையும் இயற்பியலின் இரண்டாம் பாகத்தையும் தேர்வுக்கு அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்த மகா புத்திசாலி நான். கேள்வித்தாளில் பாதிக்குப் பாதி அந்த இரண்டிலிருந்துதான் வந்தது. சொந்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வாங்கிய புத்தகத்தில் முதல் இருபது பக்கம்தான் அழுக்காகியிருந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தன் காலைத் தட்டிக் காட்டி, இதால்தான் பையன் படிப்பு போச்சு என்பார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். ஏழு வருடத்தில் ஒரு கிணற்றையே குடித்திருப்பேன்.

போன வருடம் ஒரு மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். அவளும் அதே தேர்வுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று எழுதிக் கொடுக்கும் படிவம் கையில் இருந்தது. ஐந்து மணிக்குள் கல்லூரியில் சேர்க்க வேண்டும். எங்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் நான் அந்தக் காலத்தில் ஒட்டிவைத்த அட்டவணையைப் பார்த்து அப்படியே நிரப்பியிருந்தாள். உயிர்வேதியியல், இயற்பியல் இரண்டும் தேர்வுக்கு அப்புறம். அவளுடைய பேராசிரியர் இரண்டையும் முதலில் முடிக்கச் சொன்னாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ இந்த வரிசையிலதானே படிச்சு பாஸ் பண்ணின? நான் எதுக்கு அவர் சொல்றதைக் கேக்கணும்?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டார். பாவம், அவர் மேல் பழி போடக் கூடாது; அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போன பிறகும் தங்கை நின்றுகொண்டுதான் இருந்தாள். சார் சொல்வதையும் கொஞ்சம் யோசி என்றேன். உனக்கே சந்தேகமா என்று முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் போகும்போது மணி மூன்று. கல்லூரி நடந்து போகிற தூரம்தான். ஐந்து அடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவளும் தோற்றாள். மதிப்பெண் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எந்தப் பாடங்கள் காலை வாரின என்று நான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அதே வரிசை, அதே புத்தகம். அண்ணனுக்கு இருக்கற மூளை எனக்கு இல்லப்பா. நான் இதை விட்டுடறேன்" என்றாள்.

அப்பா அவள் தோளைத் தட்டினார். அண்ணன் மாதிரி எல்லாருக்கும் வராதும்மா என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நானும் ஃபெயில்தான்" என்றேன்.

பிறகு வரிசை, இருபது பக்கம், வராந்தா எல்லாவற்றையும் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சொன்னேன்.

தங்கை மதிப்பெண் தாளை நான்காக மடித்தாள். "அன்னைக்கு ஃபாரம் என் கையிலதான் இருந்துது" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். போய் அலமாரிக் கதவிலிருந்து அட்டவணையைக் கிழித்தாள். ஏழு வருடப் பசை, பாதிதான் வந்தது. அடுத்த செமஸ்டர் படிவம் எப்போது என்று நாளைக்குச் சாரைக் கேட்கப் போவதாக அப்பாவிடம் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை.

அப்பா திட்டியிருந்தால் தேவலை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ, என் காலால இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். தண்ணீர்ச் சொம்பு கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.