டை இல்லாத மாப்பிள்ளை

போடியில் மச்சான் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் அவன் ஒருவன்தான் நிற்கிறான். எடுத்தபோது நானும் கூட இருந்தேன். இத்தாலியின் ஜெனோவா நகரம் சந்து சந்தாகத் தெரிந்த, எங்கள் கப்பலின் கோவாக்கார மேஸ்திரி கூட இல்லை. காய்ச்சலில் கப்பலிலேயே படுத்துவிட்டார். அவர் இரவல் கொடுத்த சிவப்பு டையும் படத்தில் இல்லை.

மச்சான் என் தாய்மாமன் மகன். வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராய்ச் சுற்றிப் பார்க்கும் உல்லாசக் கப்பலில் அவனுக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலை. எனக்குச் சலவைத் துணிகளில் எண் எழுதும் வேலை. அவனுக்குப் போடியில் பெண் பேசியிருந்தார்கள். ஏலக்காய்க் கடைக்காரரான பெண்ணின் அப்பாவுக்குத்தான் சந்தேகம். அவர் சொன்னதை அத்தை கடிதத்தில் எழுத வைத்திருந்தாள். மச்சானுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன்: "கப்பல்ல வேலைங்கிறாக. கொச்சியில மூட்டை தூக்குறானோ என்னமோ! அந்தச் சீமையில நின்னு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்க. தை பொறக்குறதுக்குள்ள வரலேன்னா சின்னமனூர்ல கேட்டவுகளுக்குக் குடுத்துருவேன்." அந்தப் பயணத்தில் ஜெனோவாதான் கடைசிப் பெரிய துறைமுகம். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஏணியில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலை ஒட்டி மலை, மலைமேல் மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள். போடிமெட்டு மலைப்பாதை நெடுக யாரோ மாடி கட்டி வைத்த மாதிரி. சந்துகளெல்லாம் படிக்கட்டுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் "இங்கன பாரு மாப்ள, அங்கன பாரு" என்று மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வழி கண்டுபிடிக்கும் பொறுப்பும் பெருமையும் எனக்கு. ஒரு போட்டோக் கடையைக் கண்டுபிடித்தும் விட்டேன். தெருவைத் தாண்டுவதற்குள் அதன் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்க அதே சத்தம். நட்ட நடுப் பகலில் கடைகள் வரிசையாய் மூடின. சன்னல்களையும் சாத்தினார்கள். எங்கள் பக்கம் இப்படிக் கடையடைத்தால் பெரிய தலை ஒன்று சாய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து பஸ் நிற்கும், கல் பறக்கும். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவர்கள் பாஷை எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனாலும், "இரங்கல் நோட்டீசு மச்சான்" என்று அடித்துச் சொன்னேன்.

"எழவு விழுந்த ஊர்ல செவப்பு டை கட்டிக்கிட்டா நிக்கிறது? ஒதைக்கப் போறாக!" மச்சான் டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்தான். சுவரோரமாய்த் தலைகுனிந்து வேகமாய் நடந்தோம். வழி தவறி, ஏறிய படியிலேயே மூன்று தடவை ஏறினோம்.

கடைசியில் பாதி சாத்திய கதவுக்குள் ஒரு முடிதிருத்துபவர் தெரிந்தார். கும்பிட்டு, மேலே கையைக் காட்டி, "யார் போனது?" என்று சைகையில் கேட்டேன். அவர் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரையைத் தொட்டார்.

"ஏலே படிச்சவனே! சாவு இல்லடா, தூங்குறாக! ஊரே படுத்துத் தூங்குது!" மச்சான் சிரித்த சிரிப்பில் மாடியில் ஒரு சன்னல் திறந்து எங்களை வைதது. அந்தத் தாளில் இருந்தது, கடை திறக்கும் நேரம்.

கப்பலுக்கு ஓடுவதா, காத்திருப்பதா? கப்பல் ஐந்துக்குத்தான் கிளம்பும். பிந்தினால் சம்பளம் பிடிப்பார்கள், அதற்கும் மேல் பிந்தினால் வேலையே போகும். "பொண்ணு போனா வருமா?" என்று மச்சான் படியில் உட்கார்ந்துவிட்டான். முடிதிருத்துபவர் கைகாட்டிய வழியில் போய், மூன்றரைக்குப் போட்டோக் கடை திறந்ததும் நுழைந்தோம்; ஸ்டூடியோக்காரர் திரைச்சீலையைக் காட்டினார். "அது வேணாங்க. சீலைக்கு முன்னால நின்னா போடியில எடுத்ததும்பாக" என்று அவரையும் கேமராவையும் தெருவுக்கே இழுத்து வந்தான் மச்சான். பையைத் துழாவினான். டை இல்லை. எந்தப் படியில் விழுந்ததோ! தேட நேரமில்லை. டை தொங்க வேண்டிய இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான். பின்னால் மலை, வீடுகள், அந்த ஊர் எழுத்தில் பெயர்ப்பலகை. தபாலில் அனுப்ப முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினோம். நாலரைக்குத்தான் ஏணியைத் தொட்டோம்.

மார்கழிக் கடைசியில், சீமைத் தபால்தலையோடு படம் போடிக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் அதைப் பஜார் முழுக்கக் காட்டினாராம்: "பாத்தீகளா, அம்புட்டுத் தூரத்துல இருந்தும் பெரியவுகளுக்கு நெஞ்சுல கை வச்சு மரியாதை செய்யிறாரு மாப்பிள்ளை!"

இந்த முறை விடுப்பில் போயிருந்தபோது மச்சானின் மகள் நாற்காலியில் ஏறி, படத்தில் அப்பாவின் கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க. அப்போதுதான் எனக்குத் தங்கச்சி முறையான மச்சான் மனைவியிடம் முழுக்கதையையும் சொன்னோம். சிரித்து ஓய்ந்து, "அப்ப என்னையக் கட்ட எம்புட்டு ஆச்சுண்ணே?" என்றாள். படமும் தபாலும் முப்பத்தெட்டு, மேஸ்திரியின் டைக்கு நாற்பது, பிந்தியதற்காக இருவருக்கும் பிடித்தம் செய்த மூன்று மூன்று நாள் சம்பளம் நூற்றெட்டு. மொத்தம் நூற்று எண்பத்தாறு ரூபாய்.