மான் வயிற்றில் மழைக்காலம்

என்னோடு படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் தறிக்குப் பாவு ஓட்டினார்கள், பட்டுக்கடையில் புடவை மடித்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். என் அம்மா மட்டும் புழுக்கை பொறுக்கினாள். காஞ்சிபுரத்தை விட்டு முசரவாக்கம் போகிற வழியில், ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மான் பூங்கா இருந்தது. உள்ளே இருபது, இருபத்தைந்து புள்ளிமான்கள். அவற்றுக்குத் தீவனம் வைப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, காலையில் தரையைக் கூட்டிப் புழுக்கையை அள்ளிக் குழியில் கொட்டுவது எல்லாம் அம்மாவின் வேலை. யாராவது கேட்டால் அம்மா "ஜூ"வில் இருக்கிறாள் என்பேன். பூங்கா என்பதைவிட அது பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அதனால் பள்ளி விட்டதும் நேராக மான்களிடம் போய்விடுவேன். அப்போது ஆறாம் வகுப்பு.

மான்களில் ஒன்று எனக்கு உரியது. அப்படி நானே முடிவு செய்திருந்தேன். அதன் முதுகுப் புள்ளிகள் புடவையில் நெய்த புட்டா மாதிரி அளவெடுத்து வைத்தது போல இருந்ததால் புட்டா என்று பெயர் வைத்தேன். மற்றவை ஆள் நிழல் பட்டாலே பாய்ந்தோடும். புட்டா மட்டும் கம்பி வலை அருகே வந்து, என் விரலை முகர்ந்துவிட்டுப் போகும். அந்த மூக்கின் ஈரம் சாயங்காலம் வரை என் விரலில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

மாதத்துக்கு ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். இளவயதுக்காரர். கால்நடை மருத்துவம் முடித்து மேலே படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பருவத்தில் மான்களின் வயிற்றில் என்ன புழு, எவ்வளவு புழு என்று ஒரு வருஷம் முழுக்க எண்ணிப் பார்ப்பதுதான் அவருடைய படிப்பு. புழுக்கையில் புழு இருக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறதே, இதற்குப் போய் ஒரு படிப்பா என்று எனக்குத் தோன்றியது.

கார்த்திகையில் ஒரு மழை விடுமுறை நாளில் அந்த எண்ணம் மாறியது. தீவன அறையில் ஸ்டூல் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு டாக்டரம்மா எண்ணிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றதைப் பார்த்து, "வா, நீயும் பாரு" என்று நகர்ந்துகொண்டார். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் வட்டமாக விரிந்தது. அந்த வட்டத்துக்குள் கண்ணாடியில் செய்தது போன்ற முட்டைகள் எங்கு பார்த்தாலும் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சின்னத் திராட்சைக் கொத்து. ஒன்றில் மட்டும் கொத்துக்குப் பதிலாக ஒரு நூல் சுருண்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது புரண்டு படுத்தது. நான் தலையைத் தூக்கி வெளியே பார்த்தேன். அம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் புழுக்கையை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். அந்த முறத்தில் எத்தனை உயிர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா வரும் நாளை நான் தீபாவளி மாதிரி எதிர்பார்த்தேன். மார்கழியில் முட்டைகள் குறைந்தன. தையில் தேடித்தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மாசியில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

"எல்லாம் செத்துப்போச்சா மேடம்?"

"சாகல. வெயில் காலத்துல முட்டை போட்டா மண்ணுல காஞ்சிடும்ல, அதான் புழு மான் வயித்துக்குள்ளயே வளராம தூங்கிடும். மழை வர்ற நேரத்துக்கு முழிச்சிக்கும்."

"உள்ள இருட்டா இருக்குமே. மழை வருதுன்னு அதுக்கு யார் சொல்லுவாங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தெரியலமா. எங்க புரொபசருக்கும் தெரியல" என்றார்.

பெரியவர் ஒருவர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு புட்டாவின் வயிற்றையே வெகுநேரம் பார்த்தேன். வெளியே மாசி மாத வெயில். அந்தத் தோலுக்கு அந்தப் பக்கம், நூலளவு உயிர்கள் மழைக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தன. அவற்றுக்கு அந்த வயிறுதான் வானமும் பூமியும். புட்டாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். கோயிலில் கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

புட்டா அப்போது சினையாக இருந்தது. அதற்காக நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து வரும் வழியில் ஏரி மதகுக்குக் கீழே ஒரு வாய்க்கால். மழை நின்று தண்ணீர் இறங்க இறங்க, அதன் ஓரத்தில் புல் அப்படி ஒரு பச்சையாக முளைத்திருந்தது. ஊர் மாடுகள் அங்கேதான் இறங்கி மேயும். மார்கழி கடைசியிலிருந்து தினமும் அந்தப் புல்லைப் பறித்து, காலியான டிபன் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து, அம்மா அந்தப் பக்கம் போனதும் புட்டாவுக்கு ஊட்டினேன். கூட வரும் இரண்டு மான்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும். வெளிப்புல் உள்ளே வரவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லி, மேனேஜர் அதைப் பலகையில் எழுதியே மாட்டியிருந்தார். நான் அந்தப் பலகையைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் என் டப்பாவில் வருவது வெளிப்புல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் புட்டா குட்டி போட்டது. ஈரம் காயாத குட்டி தள்ளாடி எழுந்து நின்றபோது அதன் முதுகிலும் புள்ளிகள் வரிசையாக இருந்தன. சித்திரை பிறந்ததும் புட்டா மெலிய ஆரம்பித்தது. விலா எலும்பு தெரிந்தது. தாடைக்கு அடியில் பை கட்டினது போல ஒரு வீக்கம். கூட இருந்த இரண்டு மான்களும் தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்தன. அம்மா போன் செய்ததும் டாக்டரம்மா மறுநாளே வந்துவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு செல்போனை அதன் மேல் வைத்துப் படம் எடுத்தார். நான் கெஞ்சியதும் இடம் விட்டார். உள்ளே பார்த்தேன். இது கண்ணாடி முட்டை இல்லை. பொன். பழைய முட்டைகளைவிடப் பெரிதாக, ஜரிகையை உருக்கி வார்த்தது போல மினுங்கியது. ஒரு முனையில், குங்குமச் சிமிழுக்கு இருப்பது போல ஒரு மூடி கூட இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான பொருளை அதுவரை பார்த்ததில்லை.

"இது இங்க இருக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா. மேனேஜரும் வந்து நின்றிருந்தார். டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னார். இது ஈரல் புழுவின் முட்டை. மாட்டுச் சாணத்தோடு தண்ணீரில் விழும். மூடியைத் திறந்துகொண்டு குஞ்சு வெளியே வரும். நத்தைக்குள் புகுந்து, அங்கே ஒன்று பலவாகப் பெருகி, மறுபடி தண்ணீரில் நீந்தி, கரையோரப் புல்லில் ஏறி ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தப் புல்லைத் தின்ற மிருகத்தின் ஈரலுக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகும்.

"இந்த வேலிக்குள்ள குட்டை இல்ல, நத்தை இல்ல. மூணு மாசம் முன்னாடி யாரோ தண்ணி ஓரத்துப் புல்லைக் குடுத்திருக்கணும்."

நத்தையையும் நீச்சலையும் நினைத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவள், அப்போதுதான் அந்தக் கதை எங்கே வந்து முடிகிறது என்று கண்டேன். அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள். "தை மாசத்துல தீவனம் சரியா வரல. ஏரிப் பக்கம் அறுத்தாந்து போட்டுக்கினு இருந்தேன்."

மேனேஜர் ஏதோ சொல்லத் தொடங்கினார். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார், பிறகு குனிந்து நோட்டில் எழுதினார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்மாவும் என்னைப் போலவே திருட்டுத்தனமாகப் புல் போட்டிருக்கிறாள். என்னுடையது ஒரு டப்பாப் புல். அவள் போட்டது கட்டுக்கட்டாக இருக்கும். அப்படியானால் புழு வந்தது அவள் புல்லில்தான்.

மற்ற இரண்டு மான்களும் மருந்தில் தேறின. புட்டா மூன்றாம் நாள் செத்தது. டாக்டரம்மா மறுபடி வந்து, கொட்டகைக்குப் பின்னால் அதை அறுத்துப் பார்த்தார். என்னை வரக் கூடாது என்றார்கள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெள்ளைத் தட்டில் ஈரலிலிருந்து எடுத்துப் போட்டவை வேப்பிலை மாதிரி தட்டையாக இருந்தன. அவை இன்னும் மெதுவாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. எங்கேயோ வாய்க்காலில் நத்தைக்குள் இருந்து கிளம்பி, இவ்வளவு தூரம் வந்து, இலையாகி இருக்கின்றன. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் பிரமிப்பு வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மாதக் கடைசியோடு அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதுவரை தாயில்லாக் குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தது அவள்தான். பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். கோடை விடுமுறை முழுவதும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "நீதானே புட்டாவ சாவடிச்சே" என்றேன்.

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "ஆமா. சாப்புடு" என்றாள்.

அந்தத் தை மாதம் தீவன அறையில் வைக்கோல் கூரை முட்ட அடுக்கியிருந்தது. தினமும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். என் டிபன் டப்பாவைத் தினமும் கழுவி வைத்தவள் அம்மா. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அப்போது தெரிந்ததெல்லாம் வேறு. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் கோபமாக இருந்தது போதும் என்று எனக்கே தோன்றியது. "சரி போவுது, வுடும்மா. இனிமே அந்த மாதிரி செய்யாத" என்று பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன். அம்மா "சரிமா" என்று சொல்லி, ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.