பதாகையின் கடைசித் துண்டு

கனடாவில், ஸ்காபரோவில் கொடி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். பக்கத்து மெஷினில் ஒரு போலந்துப் பெண். துணி வெட்டுபவர் ருஷ்யர். முதலாளி ஒல்லாந்துக்காரர், கொடியைப் பற்றி என்றால் வாய் ஓயாத மனிதர்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, கொடிக்குத் தங்கள் மொழியில் சொல்லும் 'வ்லக்'தான் மூத்த சொல் என்று ஆரம்பித்தார். போலந்துப் பெண் விடவில்லை, தங்களுடையது 'ஃப்ளாகா' என்றாள். ருஷ்யருக்கு 'ஃப்ளாக்'. ஜேர்மனியிலும் சுவீடனிலும்கூட அதே சொல்தானாம். வடகடலில் ஓடிய கப்பல்கள் துறைமுகம் துறைமுகமாக அதை இறக்கிவிட்டுப் போயினவாம். எங்கே பிறந்தது என்று அகராதிக்காரருக்கே நிச்சயமில்லையாம்.

"நீங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"நாங்களும் ஃப்ளாக் என்றுதான்" என்றேன். பொய்யில்லை. எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுக் கட்டடத் திறப்புக்கு எல்லோருடைய சொல்லையும் வைத்து ஒரு பதாகை தயாராகிக்கொண்டிருந்தது. அதன் கடைசித் துண்டில் தமிழ் எழுத்தில் 'ஃப்ளாக்' என்று தைக்கச் சொன்னார். தைத்தும் கொடுத்தேன்.

பின்னேரம் மகளிடம் பெருமையடித்தேன். அவள் இங்கே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

"சீரியஸ்லி, அம்மா? கோயிலில கொடியேத்தம் எண்டுதானே சொல்லுறனீங்கள்? ஃப்ளாக் ஏத்தம் எண்டே சொல்லுறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊர் உலகத்துக் கொடியெல்லாம் தைத்தவள், கேட்டபோது சொந்தச் சொல்லை மறந்து நின்றிருக்கிறேன்.

மறுநாள் திறப்புவிழா. காலையிலேயே முதலாளியிடம் போய், "நான் சொன்னது பிழை, எங்களுக்கென்று ஒரு சொல் இருக்கிறது" என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்குப் பதாகை ஏற வேண்டும்."

"ஏறும்" என்றேன்.

தையலைப் பிரித்தேன். போலந்துப் பெண் கேட்காமலே துணியை இழுத்துப் பிடித்தாள். அவர்கள் எழுத்தெல்லாம் பெரும்பாலும் நேர்கோடு. எங்கள் சுழிகளில் இரண்டு ஊசி முறிந்தது. விட்டேனா?

விழாவுக்கென்று மகள் பஸ்ஸால் வந்திறங்கியபோது பதாகை வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிச் சொல்லை எப்படிச் சொல்வது என்று முதலாளி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் அண்ணாந்து எழுத்துக்கூட்டினாள்.

"கொ... டி. கொடி."

அவர் திருப்பிச் சொன்னார். போலந்துப் பெண் சொன்னாள். ருஷ்யரும் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல் வாய்க்கு வாய் போவதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அது எங்கள் வீட்டுச் சொல்.